கவலையும் ஜெபமும்



கவலை அழையாமலே வந்து அமரும் விருந்தாளி. அது மாளிகைக்கும் வரும், மண்குடிலுக்கும் வரும். கடலுக்குச் சென்ற கணவன் கரை சேரும்வரை மீனவப் பெண்ணின் நெஞ்சிலே அது விழித்திருக்கும். மழை பொய்த்த ஆண்டிலே வயலை நோக்கி நிற்கும் கமக்காரனோடு அதுவும் வரம்பிலே நிற்கும். பரீட்சை முடிவை எதிர்பார்க்கும் மாணவனும், வைத்தியசாலை விறாந்தையிலே காத்திருக்கும் தாயும், தூரதேசத்திலுள்ள பிள்ளையிடமிருந்து செய்தி வராத தந்தையும் அதனை நன்கு அறிவர்.

இவர்களுள் கடவுள் நம்பிக்கை உடையோர் பலர். அவர்கள் ஜெபிக்கிறார்கள், ஆலயத்துக்குப் போகிறார்கள், வேதத்தை வாசிக்கிறார்கள். ஆயினும் இரவிலே உறக்கம் வருவதில்லை. அப்போது முதலாவது கவலையோடு இரண்டாவது கவலையொன்றும் வந்து சேர்ந்துகொள்ளுகிறது. “நான் ஜெபித்தும் பயம் நீங்கவில்லையே, அப்படியானால் என் விசுவாசம் பொய்யோ?” என்பதே அந்த இரண்டாவது கவலை. முதலாவது கவலை உடலை வாட்டுமானால், இரண்டாவது கவலை ஆன்மாவையே வாட்டுகிறது. இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ மார்க்கம் என்ன விடை தருகிறது என்பதையே இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் கவலை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழிலே இச்சொல்லுக்கு மனத்துயரம் என்பதோடு மற்றொரு பொருளும் உண்டு. வழிகள் பலவாகக் கிளைத்துப் பிரியும் இடத்தையும் சங்கப் புலவர்கள் கவலை என்றே அழைத்தனர். முன்பின் அறியாத வழிப்போக்கன் அங்கே வந்து நின்றால், இப்பக்கம் போவதா, அப்பக்கம் போவதா என்று திகைப்பான் அன்றோ? கவலை கொண்ட மனமும் அவ்வாறே பல வழிகளிலே ஒரே வேளையில் ஓடி, ஒன்றிலும் முன்னேறாமல் நிற்கின்றது. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்திலே கவலையைக் குறிக்கும் சொல்லையும், பிரித்தல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லோடு பலர் தொடர்புபடுத்துவர். பிரிந்து சிதறிய மனமே கவலை. அதற்கு மாறாக, சமாதானத்தைக் குறிக்கும் ஷாலோம் என்னும் எபிரேயச் சொல்லோ முழுமை, குறைவின்மை என்னும் பொருளை உள்ளடக்கியது. எனவே நாம் தேடுவது வெறும் அமைதியன்று. சிதறிய மனம் மீண்டும் ஒன்றாக இணைவதையே தேடுகிறோம்.

இவ்வாறு சமாதானத்தைத் தேடி நெடுங்காலம் அலைந்த ஒருவருடைய வரலாறு நமக்கு நல்ல விளக்கமாக அமைகின்றது. அவர் மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லி.

வெஸ்லி 1703ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் எப்வேத் என்னும் ஊரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே கற்று, அங்கேயே ஒரு கல்லூரியின் உறுப்பினராகிக் குருப்பட்டமும் பெற்றார். அவரும் அவருடைய தம்பி சாள்ஸும் நண்பர் சிலரும் அங்கே ஒரு சிறு கூட்டமாகக் கூடினர். குறித்த நேரங்களிலே ஜெபித்தனர், வாரத்தில் இரு நாள்கள் உபவாசமிருந்தனர், சிறைக் கைதிகளைச் சென்று கண்டனர், ஏழைகளுக்கு உதவினர். ஒழுங்குமுறை தவறாத இவர்களைப் பிறர் கேலியாக அழைத்த பெயரே பின்னர் மெதடிஸ்தர் என்று நிலைபெற்றது. ஜெபத்திலும் ஒழுக்கத்திலும் இத்தகைய ஒருவரைக் காண்பது அரிது. ஆயினும் அவருடைய உள்ளத்தின் அடியிலே மரணத்தைப் பற்றிய ஒரு பயம் பதுங்கிக் கிடந்தது. அதனை வெளியே கொண்டுவந்தது கடல்.

1735ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே வெஸ்லி சிம்மண்ட்ஸ் என்னும் கப்பலிலே வட அமெரிக்காவின் ஜோர்ஜியாக் குடியேற்றத்துக்குப் பயணமானார். அங்கே ஆங்கிலேயக் குடியேறிகளுக்குக் குருவாகப் பணிபுரிவதும், அந்நாட்டின் ஆதிக்குடிகளுக்கு நற்செய்தி கூறுவதும் அவருடைய நோக்கம். அதே கப்பலிலே ஜேர்மன் மொழி பேசும் மொறேவியர் இருபத்தாறு பேரும் பயணஞ் செய்தனர். சமயத் துன்புறுத்தலுக்கு அஞ்சித் தம் தாயகமாகிய மொறேவியாவைவிட்டு வெளியேறியவர்களுக்குச் சின்சென்டோர்வ் பிரபு சக்சனி நாட்டிலே தமது நிலத்தில் இடங்கொடுத்தார். 1722இல் அங்கே தோன்றிய ஹேர்ண்ஹூட் என்னும் கிராமத்தைச் சேர்ந்த சமூகத்தவரே இவர்கள். அவர்களோடு உரையாடும் பொருட்டு வெஸ்லி கப்பலிலேயே ஜேர்மன் மொழியைக் கற்கத் தொடங்கினார்.

அவர்களுடைய நடத்தையை வெஸ்லி கூர்ந்து கவனித்தார். மற்றப் பயணிகள் செய்ய மறுத்த இழிவான வேலைகளை அவர்கள் விரும்பிச் செய்தனர். அதற்குக் கூலி பெற மறுத்தனர். எவரேனும் தள்ளினாலும் அடித்தாலும், எழுந்து அப்பாற் சென்றனரேயன்றி முறைப்பாடு செய்தாரில்லை. இவர்களிடம் பெருமையும் கோபமும் இல்லை என்பது தெளிவாயிற்று. பயமும் இல்லையோ என்பதை அறியும் நாளும் வந்தது.

1736 ஜனவரி 25ஆந் திகதி மாலை. சில நாள்களாகவே அத்திலாந்திக் சமுத்திரம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மொறேவியர் தமது மாலை ஆராதனையைத் தொடங்கி ஒரு சங்கீதத்தைப் பாடிக்கொண்டிருந்தனர். அவ்வேளையிலே பேரலையொன்று கப்பலின்மேல் மோதி, பெரும்பாயைத் துண்டு துண்டாகக் கிழித்து, கப்பலை மூடி, தட்டுகளுக்கிடையே நீரைப் பாய்ச்சியது. கப்பலே மூழ்கிவிட்டதோ எனும்படி ஆங்கிலப் பயணிகளிடையே பெருங்கூக்குரல் எழுந்தது. மொறேவியரோ பாட்டை நிறுத்தவில்லை. புயல் தணிந்தபின் வெஸ்லி அவர்களுள் ஒருவரை அணுகி, நீங்கள் பயப்படவில்லையா என்று கேட்டார். கடவுளுக்கு நன்றி, இல்லை என்றார் அவர். உங்கள் பெண்களும் பிள்ளைகளுமா பயப்படவில்லை என்று மீண்டும் கேட்டார். எங்கள் பெண்களும் பிள்ளைகளும் மரணத்துக்கு அஞ்சுவதில்லை என்று அவர் அமைதியாக விடை கூறினார். இதனை வெஸ்லி தமது நாட்குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறார்.

நேயர்களே, இவ்விடத்திலே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரு சாராரும் ஒரே கப்பலிலேதான் இருந்தார்கள். இரு சாரார்மேலும் ஒரே அலைதான் மோதியது. மொறேவியருடைய ஜெபம் புயலை அவர்களிடமிருந்து விலக்கவில்லை. அவர்களுக்கென வேறொரு பாதுகாப்பான கப்பலை அனுப்பவுமில்லை. எனவே கிறிஸ்தவர் கூறும் சமாதானம், கவலைக்குரிய காரணம் நீங்கியபின் உண்டாகும் ஆறுதலன்று. அந்த ஆறுதலைப் புயல் ஓய்ந்தபின் கப்பலிலிருந்த எல்லாரும் பெற்றிருப்பார்கள். இவர்கள் பெற்றதோ, புயல் வீசும்போதே உள்ளத்திலே நிலைகொள்ளும் ஒரு சமாதானம்.

இது எவ்வாறு அவர்களுக்கு வாய்த்தது? அவர்கள் பிறவியிலே அஞ்சாநெஞ்சர் என்பதனால் அன்று. வீட்டையும் நாட்டையும் விட்டு அகதிகளாய் வெளியேறிய சமூகம் அது. இழப்பென்பது இன்னதென்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய சமூகத்திலே 1727ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. இருபத்துநான்கு ஆண்களும் இருபத்துநான்கு பெண்களும் ஒவ்வொரு மணித்தியாலத்தைத் தமக்கென ஏற்று, இரவும் பகலும் இடைவிடாது ஜெபம் நிகழும்படி பொருந்திக்கொண்டனர். அவ்வழக்கம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்ததெனக் கூறுவர். அடுத்த ஆண்டிலே, நாளுக்கு ஒரு வேதவசனத்தை வீடுவீடாக அறிவிக்கும் வழக்கமும் தோன்றியது. அவ்வசனங்கள் 1731ஆம் ஆண்டு முதல் நூலாக அச்சிடப்பட்டன; இன்றும் பல மொழிகளிலே வெளிவருகின்றன. புயல் வந்தபின் நங்கூரம் செய்யத் தொடங்கினால் அது பயன்படாது. கடல் அமைதியாய் இருந்த நாள்களிலே அவர்கள் பழகிய பாட்டே, கடல் கொந்தளித்த நாளிலும் அவர்களுடைய வாயிலே வந்தது.

ஆனால் வெஸ்லியும் நாள்தோறும் ஜெபித்தவரே. பின் ஏன் அவருக்கு அந்தச் சமாதானம் இல்லை? நம் கேள்வியின் நடுமையம் இதுதான். அமெரிக்காவிலே கரையிறங்கிய சில நாள்களுள், ஸ்பாங்கன்பேர்க் என்னும் மொறேவியத் தலைவர் அவரிடம், இயேசு கிறிஸ்துவை நீர் அறிவீரா என்று கேட்டார். அவர் உலக இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. அது மெய்தான், அவர் உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா என்று மற்றவர் மீண்டும் கேட்டார். வெஸ்லி தயங்கித் தயங்கியே விடை கூறினார். தாம் கூறியவை வெறும் வார்த்தைகளோ என்று அஞ்சியதாகவும் பின்னர் எழுதினார்.

வெஸ்லியின் ஜெபங்களெல்லாம், கடவுள் தம்மை ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்னும் ஏக்கத்திலே செய்யப்பட்டவை. போதுமான அளவு ஜெபித்தேனா, போதுமான அளவு உபவாசித்தேனா என்று தம்மைத் தாமே அளந்துகொண்டிருந்தார். அவருடைய பக்தியே ஒருவகைக் கவலையாகிவிட்டது. தந்தையின் தோளிலே இருக்கும் குழந்தை, தான் போதுமான வலிமையோடு பற்றிக்கொண்டிருக்கிறேனா என்று தன் கையையே நோக்கினால் அதற்குப் பயந்தான் மிகும். தன்னைத் தாங்கும் தந்தையின் கையை நோக்கினாலோ அது உறங்கிவிடும். மொறேவியருக்கும் வெஸ்லிக்கும் இருந்த வேற்றுமை இதுவே. அவர்கள் தாங்கும் கையை நோக்கினார்கள். அவர் பற்றும் கையை நோக்கினார்.

ஜோர்ஜியாவிலே அவருடைய பணி பெரும் ஏமாற்றத்தில் முடிந்தது. 1738ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் மனமுடைந்து இங்கிலாந்து திரும்பினார். அங்கே பீற்றர் போலர் என்ற மற்றொரு மொறேவியரைச் சந்தித்தார். விசுவாசம் இல்லாத நான் பிரசங்கிப்பதை நிறுத்திவிடவா என்று வெஸ்லி அவரிடம் கேட்டார். நிறுத்தவேண்டாம், விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், கிடைத்தபின், அது கிடைத்த காரணத்தால் அதையே பிரசங்கிப்பீர் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். அதே ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி மாலை, இலண்டனில் ஓல்டர்ஸ்கேற் வீதியிலே கூடிய ஒரு சிறு கூட்டத்துக்கு வெஸ்லி விருப்பமில்லாமலே சென்றார். உரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் வரைந்த முகவுரையை அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பது மணிக்குக் கால் மணித்தியாலம் முன்பாக, தம் உள்ளத்திலே வியக்கத்தக்க ஒரு வெம்மை உண்டாயிற்றென்றும், கிறிஸ்து தம்முடைய பாவங்களையே நீக்கினார் என்னும் உறுதி பிறந்ததென்றும் அவர் எழுதுகிறார்.

இதனோடு வரலாற்றை முடித்துவிட்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. அன்றிரவு வீடு திரும்பியதுமே சோதனைகள் அவரைத் தாக்கின. எட்டு மாதமும் நிறையுமுன், 1739 ஜனவரி 4ஆந் திகதி, தாம் கிறிஸ்தவரே அல்லர் என்றும், தேவசமாதானம் தம்மிடம் இல்லை என்றும் அவர் தமது நாட்குறிப்பிலே எழுதினார். உலகமெங்கும் பரந்த ஓர் இயக்கத்தின் தந்தை எழுதியது இது! ஆயினும் அவர் ஜெபத்தை விடவில்லை; பணியையும் விடவில்லை. 1791ஆம் ஆண்டு தமது எண்பத்தேழாவது வயதிலே, கடவுள் நம்மோடிருக்கிறார் என்பதைச் சுற்றிநின்றோருக்கு அறிக்கையிட்டவராய் அமைதியாக உயிர்துறந்தார். சமாதானம் ஒருமுறை வாங்கிப் பெட்டியிலே பூட்டி வைக்கும் பொருளன்று என்பதை அவருடைய வாழ்வு காட்டுகிறது. அது நாள்தோறும் கிணற்றிலிருந்து மொண்டு குடிக்கவேண்டிய நீர். இன்று தாகமெடுப்பதனால், நேற்றுக் குடித்த நீர் பொய்யாகிவிடாது.

அந்த இயக்கம் நமது நாட்டுக்கு வந்த கதையிலும் ஒரு கப்பலும் ஒரு பெருங்கவலையும் உண்டு. வெஸ்லியின் உடனுழைப்பாளராய் இருந்த தோமஸ் கோக் முதியவயதிலே இலங்கைக்கு ஒரு மிஷனரிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியிலே, 1814 மே 3ஆந் திகதி, அவர் இந்து சமுத்திரத்திலே கப்பலிலேயே காலமானார். தலைவரும் அவரே, செலவுக்குரிய ஏற்பாடுகளைக் கையிலே வைத்திருந்தவரும் அவரே. அவரைக் கடலிலே அடக்கஞ்செய்த இளைஞர்கள் எத்துணை கலங்கியிருப்பர்! ஆயினும் அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அவர்களுட் பலர் காலியிலே கரையிறங்கினர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணம் வந்தனர். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குச் சென்று, அங்கே கல்விப்பணியைத் தொடங்கி, மறு ஆண்டிலேயே மறைந்தார். அவர் தொடங்கிய பணியின் வழிவந்ததே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஜெபித்தவர் நெடுங்காலம் வாழ்வர் என்ற உத்தரவாதம் எங்கும் தரப்படவில்லை. அவர்களுக்குத் தரப்பட்டது அடுத்த அடியை எடுத்துவைக்கும் வலிமை.

இனி, வேதாகமம் இதுபற்றி என்ன கூறுகிறது என்று பார்ப்போம். ஒன்றைக்குறித்தும் கவலைப்படாமல், வேண்டுதல்களை எல்லாம் நன்றியோடு கடவுளுக்குத் தெரிவிக்குமாறு பிலிப்பி நகரத்துச் சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதினார். அவ்வாறு செய்தால் அறிவுக்கு எட்டாத தேவசமாதானம் உள்ளத்தைக் காக்கும் என்றார். இதனை அவர் சாய்வுநாற்காலியிலிருந்து எழுதவில்லை. விலங்கிடப்பட்ட கைதியாய் இருந்து எழுதினார். காக்கும் என்று அவர் வழங்கிய கிரேக்கச் சொல், கோட்டைக்குப் படைவீரர் காவல் நிற்பதைக் குறிக்கும் சொல். பிலிப்பியோ உரோமப் போர்வீரர் குடியேறிய நகரம். அச்சொல்லின் கருத்து அவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். கோட்டைக்குக் காவல் வைப்பது எதற்காக? பகைவன் வெளியே இருப்பதனால்தான். காவல் இருக்கிறது என்பது போர் இல்லை என்று பொருள்படாது.

கவலைப்படவேண்டாம் என்று எழுதிய அதே பவுல், கொரிந்தியருக்கு எழுதும்போது, சபைகள் எல்லாவற்றையும் பற்றிய கவலை நாள்தோறும் தம்மை அழுத்துகிறது என்று ஒளிக்காமற் கூறுகிறார். தமது உடலிலே இருந்த ஒரு முள்ளை நீக்கும்படி அவர் மூன்றுமுறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதனைத் தாங்குவதற்குப் போதுமான கிருபையே விடையாகக் கிடைத்தது. இயேசு கிறிஸ்துவும் கெத்செமனேத் தோட்டத்திலே வியாகுலத்தோடு மும்முறை ஜெபித்தார். அந்தத் துன்பப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டுமென்று மறைக்காமற் கேட்டார். ஆயினும் தம் சித்தமன்று, பிதாவின் சித்தமே ஆகட்டும் என்று முடித்தார். பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் நடுங்கித் தரையிலே விழுந்து ஜெபித்தவர், எழுந்து நிமிர்ந்து தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்கொண்டு நடந்தார். நடுக்கமே விசுவாசக் குறைவாயின், கெத்செமனேயிலே நடந்ததை எவ்வாறு விளக்குவது? ஆதலால், பயப்படுகிறேனே என்று எண்ணிப் பயப்படும் அன்பர்கள் அந்த இரண்டாவது பாரத்தை இறக்கிவைக்கலாம். கடவுளிடம் கொண்டுவரப்பட்ட பயம் பாவமன்று, அதுவே ஜெபமாகிறது.

அப்படியாயின், கவலை கொண்டவன் எவ்வாறு ஜெபிப்பது?

முதலாவது, கவலையைப் பெயர்சொல்லிக் கூறவேண்டும். பொதுவாகக் காத்தருளும் என்று வேண்டுவதோடு நின்றுவிடாமல், இன்ன கடன், இன்ன நோய், இன்ன பிள்ளை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கவேண்டும். உருவமற்ற பயம் இருளிலே பெருகும். பெயரிட்டு வெளிச்சத்திலே வைத்தால் அதன் உண்மையான அளவு தெரியவரும். சங்கீதப் புத்தகத்திலுள்ள 150 பாடல்களுள், புகழ்ச்சிப் பாடல்களைவிட முறையீட்டுப் பாடல்களே மிகுதி என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கடவுளிடம் முறையிடுவது அவமரியாதையன்று. அவர் கேட்கிறார் என்னும் நம்பிக்கை இருப்பதனாலேயே மனிதன் முறையிடுகிறான்.

இரண்டாவது, ஒரு நாளுக்குரியதையே கேட்கவேண்டும். இயேசு கற்பித்த ஜெபத்திலே உணவுக்கான வேண்டுதல் அன்றன்றைக்கு உரியது. ஆண்டு முழுவதற்கும் களஞ்சியத்தை நிரப்பும்படி கேட்க அவர் கற்பிக்கவில்லை. மலைப்பிரசங்கத்திலும், நாளைய தினத்தின் பாடு நாளைக்கு உரியதென்றே போதித்தார். கவலையின் தந்திரம், பத்தாண்டுகளின் சுமையை இன்றிரவே நம் தலைமீது ஏற்றுவது. ஜெபமோ, நாளைக் காலை எட்டு மணிவரை என்ன வேண்டும் என்று கேட்கப் பழக்குகிறது. இதனால் எதிர்காலத்துக்கான ஆயத்தம் வேண்டாமென்பது கருத்தன்று. ஆயத்தம் வேறு, கவலை வேறு. ஆயத்தம் கைகளுக்கு வேலை கொடுக்கும். கவலை கைகளைக் கட்டிவிடும்.

மூன்றாவது, நன்றி கூறவேண்டும். பவுலும் சீலாவும் பிலிப்பி நகரத்திலேயே அடிபட்டுச் சிறையில் இடப்பட்டபோது, நள்ளிரவிலே ஜெபித்துப் பாடினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. எனவே நன்றியோடு வேண்டுங்கள் என்று அவர் பின்னர் அவ்வூராருக்கு எழுதியபோது, அது வெறும் உபதேசமன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நன்றி கூறுவது துன்பத்தை இல்லையென்று மறுப்பதன்று. துன்பம் நம் கண்ணை முழுவதும் மறைத்துவிடாதபடி அதனைச் சற்று விலக்கிப் பிடிப்பதாகும். கைவிடாத நண்பன் ஒருவன், பசியாறிய ஒருவேளை உணவு, கடந்துவந்த பழைய ஆபத்து ஒன்று என்று எண்ணிப் பார்த்தால், நேற்றுவரை நடத்தியவர் நாளைக்கும் இருப்பார் என்னும் எண்ணம் மெல்ல வேர்கொள்ளும்.

நான்காவது, தனித்து நின்று போராடவேண்டியதில்லை. கெத்செமனேயிலே இயேசுவே தம் நண்பர் மூவரைத் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். மொறேவியர் கூட்டமாகப் பாடினர். ஒருவருடைய குரல் தளர்ந்தாலும் மற்றவர்களுடைய குரல் அதனைத் தாங்கியிருக்கும். ஜெபிக்கவும் இயலாதபடி மனம் உடைந்திருக்கும்போது, எனக்காக ஜெபியுங்கள் என்று ஒருவரிடம் கேட்பது இழிவன்று. நம் ஊர்களிலே மரணவீட்டிற்குச் சென்று ஒன்றும் பேசாமல் அருகே அமர்ந்திருப்பவர்கள் உண்டு. அந்த மௌனமும் ஜெபமே.

ஐந்தாவது, செய்யக்கூடிய காரியத்தைச் செய்யவேண்டும். ஜெபம் மருந்துக்குப் பகையன்று. வெஸ்லி 1746இல் இலண்டன் ஏழைகளுக்காக ஒரு மருந்தகத்தைத் திறந்தார். மறு ஆண்டிலே எளிய மருத்துவக் குறிப்புகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். அது அவர் காலத்திலேயே பல பதிப்புக்கள் கண்டது. மற்ற மருந்துகளோடு ஜெபம் என்னும் பழைய மருந்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு அதிலே அவர் அறிவுறுத்தினார். சேர்த்துக்கொள்ளும்படி கூறினாரேயன்றி, மற்றவற்றை எறிந்துவிடும்படி கூறவில்லை. வாரக்கணக்காக உறக்கமின்றி, உணவு செல்லாமல், காரணமின்றி நெஞ்சு படபடத்து, வாழ்வே வேண்டாமென்னும் எண்ணம் தோன்றுமளவுக்குக் கவலை முற்றியவர்கள் உடனே வைத்தியரை நாடவேண்டும். எலும்பு முறிந்தவனிடம் உன் விசுவாசம் எங்கே என்று நாம் கேட்பதில்லை. மனம் நோயுற்றவரிடமும் அவ்வாறு கேட்பது தகாது. வைத்தியனுடைய கையையும் கடவுள் பயன்படுத்துகிறார் என்று நம்புவதே விசுவாசம்.

ஒரு தடையை இங்கே எழுப்பலாம். இதெல்லாம் மனத்தைத் தானே மயக்கிக்கொள்ளும் ஒரு முறையன்றோ என்று சிலர் கேட்பர். மயக்கம் என்பது உண்மையைக் காணாமற் கண்ணை மூடுவது. கெத்செமனேயின் ஜெபமோ, வரப்போகும் சிலுவையைத் திறந்த கண்ணோடு நோக்கியது. கிறிஸ்தவன் ஜெபிக்கும்போது, ஆபத்து இல்லையென்று சொல்லுவதில்லை. ஆபத்திலே தான் தனியாக இல்லையென்றே சொல்லுகிறான். கேட்டது கிடையாமற் போன ஜெபங்களும் உண்டு. பிழைக்கவேண்டுமென்று கண்ணீரோடு ஜெபிக்கப்பட்ட பிள்ளைகள் மறைந்ததுண்டு. அந்தத் தாய்மாருக்கு எளிதான விளக்கம் எதையும் கூற எவருக்கும் உரிமையில்லை. தம் சொந்தக் குமாரனின் மரணத்தை அறிந்த கடவுள் அவர்களோடு துக்கிக்கிறார் என்பதே கிறிஸ்தவ விசுவாசம் கூறக்கூடியது. அச்சொல் ஒரு நாளிலே ஆறுதல் தராமற் போகலாம். ஆனால் ஆண்டுகள் பல கடந்தும் அது அவர்களைக் கைவிடாது.

வழிகள் பலவாகப் பிரியும் கவலை என்னும் இடத்திலே நிற்கும் மனிதனுக்கு, எல்லா வழிகளும் எங்கே போய் முடியும் என்று தெரியவேண்டியதில்லை. வழியை அறிந்த ஒருவர் அருகிலே நின்று கையைப் பற்றினாற் போதுமானது. வழி அப்போதும் கரடுமுரடாகவே இருக்கலாம், மழையும் பெய்யலாம். ஆயினும் சிதறி நின்ற மனம் ஒரு திசையை நோக்கித் திரும்பிவிடுகிறது. அந்தத் திரும்புதலே சமாதானத்தின் தொடக்கம்.

நேயர்களே, இன்றிரவு விளக்கை அணைக்குமுன் உங்கள் உள்ளத்தை அழுத்துகின்ற ஒரே ஒரு காரியத்தைப் பெயர்சொல்லிக் கடவுளிடம் கூறுங்கள். அதன்பின் இன்று கிடைத்த ஒரு நன்மைக்காக நன்றி கூறுங்கள். நாளைக்கு நீங்கள் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு, மற்றவற்றை அவர் கையிலே விட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். உறக்கம் உடனே வராவிட்டாலும் மனம் சோரவேண்டாம். நீங்கள் விழித்திருக்கும்போதும் உங்களைத் தாங்கும் கை விழித்தேயிருக்கும்.